ஜாக்கி ஜோடி

மேசை நடுவில் திறந்து கிடந்த ஐந்து சீட்டுகளை ஈஸ்வரன் மறுபடியும் பார்த்தார். ஆஸ், ஜாக்கி, ஏழு, நாலு, ரெண்டு. மஞ்சள் சட்டைக்காரர் கையில் ஓர் ஆஸ். எதிரே இருந்த பெண்ணின் கையில் ஒரு ஜாக்கி. இருவருக்கும் ஒரு ஜோடிதான். ஜாக்கி ஜோடிக்குத்தானே பந்தய வில்லைகளைத் தள்ளினார்? எதற்குச் சிரிக்கிறார்கள்?

“அண்ணே, நல்லாப் பாருங்க. யாரு ஜெயிச்சது?” என்றார் மஞ்சள் சட்டைக்காரர்.

“மேடந்தான் சார். ஜாக்கி ஜோடி.”

“டேய், போனை எடு! அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னார். போன் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

சித்திரபுரத்தில் காலையிலிருந்து மழை. வெளியே போக முடியாத விருந்தினர்களுக்காக ரிசார்ட் மேனேஜர் ஜோபி இந்த ஆட்டத்தை ஏற்பாடு செய்திருந்தான். தேயிலை ஃபேக்டரி மூடியபின் ஈஸ்வரன் இங்கே பெட்டி தூக்கினார். முட்டி வீங்கிவிட்டதால், உட்கார்ந்தபடியே சீட்டுப் பங்கிடும் இந்த வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார்.

ஜோபி சொல்லிக் கொடுத்தது அத்தனையும் மனப்பாடம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. அவை எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு முறை திறந்ததும் பந்தயம் கூட்டலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். கையில் உள்ளதையும் நடுவில் உள்ளதையும் சேர்த்தால் ஏழு. அதில் நல்ல ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்கே வில்லைகள்.

“எந்தா ஈஸ்வரா இது?” ஜோபி வந்து நின்றான். ஈஸ்வரனின் மகன் வயதுதான் இருக்கும். “எழுந்திரு. எல்லாருக்கும் சாரி சொல்லு. போய் பெட்டியே தூக்கு.”

ஒவ்வொருவரிடமும் சொன்னார். என்ன தப்பு என்றுதான் புரியவில்லை.

துணி வெளுக்கும் கொட்டகையில் அவர் மனைவி செல்வலட்சுமி படுக்கைவிரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். “உங்களையா சிரிச்சாக?”

அவர் நிமிரவில்லை. “ஜாக்கிக்குத்தான தள்ளுனேன். ஆஸைவிட அது பெருசுதான?”

“யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? எஸ்டேட் லயத்துல பொழுதன்னைக்கும் இருபத்தெட்டுச் சீட்டுதான ஆடுறோம். ஜாக்கி, ஒம்பது, ஆஸ், பத்து. ராஜாவும் ராணியும் அதுக்கும் கீழ.”

அவள் கை நின்றது. “அது நம்ம ஆட்டம்ங்க. ரூம் கூட்டப் போறப்ப டிவியில இவுக ஆட்டத்தப் பாத்திருக்கேன். ஆஸ் வந்தாத்தான் குதிக்காக.”

“ஜோபி அதைச் சொல்லலியே.”

“சொல்லணும்னே அவருக்குத் தோணிருக்காது.”

வாசலில் ஹாரன் அடித்தது. புதிதாக வந்தவர்களின் பெட்டியைத் தலையில் வாங்கிக்கொண்டு, நனைந்த படிகளில் ஈஸ்வரன் ஏறினார். முட்டி ஒவ்வொரு படிக்கும் வலித்தது. மறந்துவிடாமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆஸ். அடுத்து ராஜா. அடுத்து ராணி. அதற்கும் கீழேதான் ஜாக்கி.