வால்நட் மரத்துக்கு எதிர் வீடு

நாகரிகம் என்பது டிராம் தண்டவாளம் முடியும் இடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பது வெறும் வானிலை. மெல்போர்னிலிருந்து பல்லாரட்டுக்குக் குடிவந்த முதல் நாள், இரண்டு கம்பளித் தொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, ஃப்ரேசர் இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தான். உலகம் அப்போது அட்டைப்பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் இமொஜன்.

"இங்கயும் டிராம் ஓடுச்சாம். ஏரிக்கரையில இன்னமும் ஒண்ணு ஓடுதாம்," என்றாள்.

"அது பொம்மை டிராம். கணக்குல வராது."

அவன் காதலி இமொஜனுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை கிடைத்திருந்தது. மெல்போர்னின் பிரன்ஸ்விக் பகுதியில் ஒற்றை அறைக்குக் கொடுத்த வாடகைக்கு இங்கே விறகு அடுப்பும் எலுமிச்சை மரமும் வைத்த முழு வீடே கிடைத்தது. ஃப்ரேசர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடி கணினியைத் தட்டுகிறவன். புதன்கிழமை மட்டும் ரயிலேறி ஆபீசுக்குப் போனால் போதும். ஆறு மாதம் இருந்து பார்ப்பது, பிடிக்காவிட்டால் அவன் பிரன்ஸ்விக் அறைக்கே திரும்பிவிடுவது என்று ஒப்பந்தம். நண்பன் கேலம் அதுவரை அந்த அறைக்கு ஆள் வைத்துச் சமாளிப்பான். இமொஜன் திரும்பப் போவதில்லை.

"சனிக்கிழமை சனிக்கிழமை வந்துட்டுப் போவேன்ல," என்பான் ஃப்ரேசர். அவன் அதைச் சொல்லும்போதெல்லாம் இமொஜன் சுத்தமாக இருக்கும் அடுப்பை மறுபடி துடைப்பாள்.

முதல் வாரமே விறகு தீர்ந்துபோனது. பக்கத்து வீட்டு கோரல் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள், ஊரில் அவளுக்குத் தெரியாத சந்து கிடையாது. ஃப்ரேசர் அவளிடம் விறகுக் கடைக்கு வழி கேட்டான்.

"நேரா போ கண்ணு. ஹான்லன் டயர் கடை வரும்ல, அங்க லெஃப்ட் எடு. பேக்கரி தாண்டுனதும் விறகுக் கடைதான்."

காலையில் போனவன் மதியம் வெறுங்கையோடு திரும்பினான்.

"கோரல், அங்க டயர் கடையே இல்லையே?"

"அது எரிஞ்சுபோயி ரொம்ப வருஷமாச்சே. இப்ப பல் டாக்டர் இருக்கார்."

"பேக்கரி?"

"அவங்க ஏரி வத்துன வருஷமே மூடிட்டாங்க."

"அப்ப பல் டாக்டர்னு சொல்லியிருக்கலாமே?"

கோரல் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவர் நேத்து வந்தவர்ப்பா."

அன்று முதல் ஃப்ரேசருக்குப் பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. "மச்சி, இந்த ஊருக்கு மேப் பத்தாது. ஆவி கூப்பிடுறவன் ஒருத்தன் கூடவே வரணும்," என்று கேலமிடம் போனில் சொன்னான். கேலம் சிரித்தது பின்கட்டு வரை கேட்டது. கோரலின் குரலிலேயே பேசிக்காட்டப் பழகிக்கொண்டான். புதன்கிழமை ஆபீசில் அதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது. கோரல் அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலுக்கு முன்னால் உள்ள புல்தரையில் ஓரிடத்தில் மட்டும் அரைவட்டம் போட்டு வளைந்து வருவாள். கேட்டால், அங்கே ஒரு வால்நட் மரம் இருந்ததாம். வேர் தடுக்குமாம். ஃப்ரேசர் அந்த நடையையும் நடித்துக் காட்டினான்.

இங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம்; அதில் ஒரு நாள் காலை உறைபனி விழுந்து சமையலறைக் குழாய் வெடித்தது. இமொஜன் ஆஸ்பத்திரியில். பீய்ச்சியடித்த தண்ணீர் கூரையைத் தொட்டது. ஃப்ரேசர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வேலியருகே ஓடினான்.

"மெயின் வால்வை மூடு மொதல்ல," என்றாள் கோரல்.

"எங்க இருக்கு அது?"

"வால்நட் மரத்தடியில."

"அங்க மரமே இல்ல கோரல், வெறும் புல்லு."

"ஆமா, அந்தப் புல்லுக்கு அடியில."

வீட்டுச் செருப்போடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அரைவட்டம் போட்டு வளைந்தாள். நின்றாள். ஒரே குத்து, இரும்பு மூடி 'ணங்' என்றது.

பிளம்பரிடம் ஃப்ரேசர் போனில் வீட்டு எண்ணைச் சொன்னான். "நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது. வால்நட் வீடா?" என்று கேட்டார் அவர். இல்லாத மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, இருக்கிற வீட்டுக்குச் சரியாக வந்து சேர்ந்தார். அதற்குள் எதிர் வீட்டுக்காரர்கள் கம்பளத்தைத் தூக்கி வேலியில் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு பாத்திரத்தில் பூசணி சூப் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கழுவிய பாத்திரத்தைக் கொடுக்கப் போனவன் முட்டையும் கையுமாகத் திரும்பினான்.

"தனியா இருக்கணும்னா இந்த ஊர்ல அதுக்கு வசதியே கிடையாது மச்சி," என்றான் கேலமிடம். புகாராகச் சொல்லத்தான் நினைத்தான். கேலம் சிரிக்கவில்லை. "சரி, சனிக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன். பெட்டியக் கட்டி வை. ரூமுக்கு வேற ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான்," என்றான்.

அந்த வாரப் புதன்கிழமை ஆபீஸ் முடிந்ததும் ஃப்ரேசர் பிரன்ஸ்விக் போனான். நான்கு வருடம் தினமும் காபி குடித்த கடையில் உட்கார்ந்து, தாய்வீடு திரும்பிய சந்தோஷத்தை முன்கூட்டியே கொஞ்சம் ருசி பார்க்கலாம் என்று எண்ணம். அந்த இடத்தில் நாய்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க இருந்த காபிக் கடை எங்க போச்சு?"

கத்தரிக்கோலோடு நின்ற பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: "இங்க காபிக் கடை இருந்துச்சா?"

கடை மூடி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. பக்கத்துக் கடையில் கேட்டான், அவர்களுக்கும் தெரியவில்லை. டிராம் நிறுத்தத்தில் வந்து நின்றான். நாகரிகம் மணியடித்துக்கொண்டு வந்தது, கதவைத் திறந்தது, அவனை ஏற்றாமலே போனது. பிறகு ரயில் நிலையத்துக்கு நடந்தே போனான்.

சனிக்கிழமை வாசற்கதவருகே கட்டிய பெட்டி தயாராக நின்றது. இமொஜன் மாவுக்குள் இறைச்சி வைத்த 'பை' ஒன்றை ஓவனில் சுட்டு வைத்திருந்தாள். போன் அடித்தது.

"டேய், மேப் என்னை ஏதோ குறுக்குச் சந்துல கொண்டாந்து விட்ருச்சு," என்றான் கேலம். "அது கெடக்கட்டும். அந்தப் பையன் இன்னிக்குள்ள பதில் சொல்லுங்கறான். ரூம் உனக்கு வேணுமா, வேணாமா?"

சமையலறையில் இமொஜன் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கே குடுத்துரு," என்றான் ஃப்ரேசர்.

துடைக்கும் சத்தம் நின்றது.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல. சீக்கிரம் வா, சுட்டு வச்ச 'பை' ஆறிரும். மெயின் ரோட்டுக்கு வந்து நேரா வா. ஹான்லன் டயர் கடை வரும்ல, அங்க ரைட் எடு."

"டயர் கடையா? இங்க ஒரு பல் டாக்டர் போர்டுதான் தெரியுது."

"அதேதான்."

"அப்ப பல் டாக்டர்னே சொல்லித் தொலையலாமேடா."

"அவர் நேத்து வந்தவர்," என்றான் ஃப்ரேசர். இந்த முறை கோரலின் குரலில் சொல்லவில்லை. "அப்புறம் ரெண்டாவது தெரு. வால்நட் மரத்துக்கு எதிர் வீடு."

போனை வைத்துவிட்டு, கார் தெரிகிறதா என்று பார்க்க வெளியே போனான். புல்தரையில் நடந்தவன் ஓரிடத்தில் மட்டும் அரைவட்டம் போட்டு வளைந்து, தெருவோரம் போய் நின்றான்.