நாற்பத்தைந்து நாளுக்கு மேலே

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று மேலப்பாளையத்தில் எங்கள் தெருவே சொல்லும். பொய்யில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் நாசரிடம் மட்டும் பத்தொன்பது வருஷமாக நான் ஒரு வார்த்தை கூட்டிப் பேசியதில்லை. பேச நேரம் ஏது? ஷார்ஜாவிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். அதில் சண்டை போட்டு ஒரு நாளைக் கெடுத்துக்கொள்ள எவளுக்கு மனசு வரும்?

இந்தத் தடவை விசாவை கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக வந்தார். வந்து நாற்பத்தாறாம் நாள், ஒரு புதன்கிழமை, அவரோடு அங்கே ஒரே அறையில் இருந்த தாஜ் முகம்மது போன் செய்தார். பழைய கம்பெனியிலேயே ஸ்டோரில் ஆள் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுக் கூப்பிடுகிறேன், அதற்குள் முடிவைச் சொல் என்றாராம். இதைச் சொல்லிவிட்டு நாசர் என் முகத்தைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அவர் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். எங்கள் மகள் ஷம்ஸியா எட்டு மாதக் கைப்பிள்ளையாக இருந்தபோது போனவர். இப்போது அவள் பாளையங்கோட்டையில் காலேஜ் இரண்டாம் வருஷம். இனி ஒரு தடவை அவரை வழியனுப்பிவிட்டு வந்து காலி வீட்டில் நிற்க என்னால் ஆகாது. இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், இன்னும் அரைக் கிலோ கறி கூட வாங்கினேன்.

லீவில் வருகிற மனுஷருக்கு எங்கள் பக்கம் எப்படிச் சமைப்போம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் இடியாப்பமும் பாயாவும். மதியம் நெய்ச்சோறும் கறியாணமும். ஆணம் என்றால் குழம்புதான். சாயந்திரம் டீயோடு கறி சமோசா, இல்லாவிட்டால் கட்லெட். ராத்திரிக்குப் பரோட்டாவும் கோழியும். வெள்ளிக்கிழமை பிரியாணி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சொன்னது லீவில் வராதவர்களைப் பார்த்துச் சொன்னது. அவர் வந்து ஒன்றரை மாதம் ஆகியும் என் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. போய்விடுவாரோ என்ற பயம் வந்ததும் இன்னும் கூடிவிட்டது. ருசி கண்டவர் எங்கே போவார் என்பது என் கணக்கு.

அவருக்கு ஹாலில் மேஜை போட்டு வைப்பேன். பக்கத்தில் நின்று பரிமாறுவேன். "நீயும் உக்காரு" என்பார். "நாங்க பொறவு சாப்பிடுதோம், நீங்க சாப்பிடுங்க" என்பேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குத் தொழப் போனதும் நானும் ஷம்ஸியாவும் அடுப்படியில் பாயைப் போட்டு உட்கார்ந்து, எங்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் சோற்றையும் புளியாணத்தையும் சாப்பிடுவோம். தொட்டுக்கொள்ள ஒரு நெத்திலிக் கருவாடு. கறியை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் சாப்பாடு. அது இறங்குகிற மாதிரி வேறு எதுவும் இறங்காது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவர் கொண்டுவந்த சமையல் சாமான் ஒன்றையாவது நான் பிரித்ததில்லை. மூன்று ரைஸ் குக்கர், இரண்டு மிக்ஸி, போன தடவை கொண்டுவந்த ஏர் பிரையர், ரொட்டி சுடுகிற டோஸ்டர், எல்லாம் அட்டைப் பெட்டியோடு பீரோ மேல் ஏறிவிட்டன. ஷம்ஸியா கல்யாணத்துக்கு. நான் சமைப்பது, ஓடும்போது மூடியைக் கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டிய ஒரு கிழட்டு மிக்ஸியில். "உம்மா, என் கல்யாணம் வாரதுக்குள்ள இதுக்கெல்லாம் வாரண்டி மவுத்தாயிரும்" என்று ஷம்ஸியா கேலி செய்வாள். மவுத்து என்றால் சாவு. அவளுக்கென்ன, வாயிருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் பேட்டைக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் பெரியம்மா ஜுபைதா பீவிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. போகும் முன் நெய்ச்சோற்றை ஹாட்பாக்கில் போட்டு, கறியை மூடி மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பும்போது மணி ஒன்றரை. வாசற்படி ஏறும்போதே பருப்பும் பூண்டும் வேகிற வாசனை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு அந்த வாசனை வர நியாயமே இல்லை.

அடுப்படியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாசர் நின்றிருந்தார். மேடையில் புத்தம்புது ரைஸ் குக்கர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கீழே அட்டைப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அந்த ஊர்ப் பிளக்கின் சப்பை முள் நம் சுவரில் நுழையாது. அதனால் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர்ப் பிளக்கை மாட்டியிருந்தார். ஹாலில் நான் வைத்த ஹாட்பாக் வைத்தபடி இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

"என்ன மச்சான் இது?"

"பருப்புச் சோறு. ஒனக்கும் போடவா?"

"பிள்ளைக்குன்னு வச்சிருந்த சாமான். பிளக்க வேற வெட்டியாச்சு. இனி இத யாருக்குக் குடுக்க? மேசையில கறி வச்சிட்டுத்தானே போனேன். அது கண்ணுக்குத் தெரியலையா? என் கை கசந்து போச்சோ?"

அவர் சுவிட்சை அணைத்தார். பைய, கரண்டியைத் துடைத்து வைத்தார்.

"கசக்கல ரைஹானா. வயிறு கேக்க மாட்டேங்கு. ஒரு வாரமா நெஞ்செரிச்சல். நீ ஆசையா செய்யுதியேன்னுதான் சொல்லல. ஷார்ஜா ரூம்ல தெனமும் இதுதான். ஆறு பேருக்கும் ஒரே சட்டி."

"போன்ல சிக்கன்னு சொல்லுவீங்களே?"

"நீயுந்தான் மீன் பொரிச்சோம்னு சொன்னே. பிள்ளை சொல்லிட்டா. தெனமும் புளியாணந்தானாமே."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷம், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் கறியும் மீனுமாகப் பொய் பரிமாறியிருக்கிறோம். அதைவிட, பெற்ற மகளே காட்டிக்கொடுத்துவிட்டாள்.

"நேத்து ராத்திரி தொழுகைக்குப் போகும்போது போன மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன்," என்றார். "அடுப்படில நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கிட்டுச் சிரிக்கியோ. வாசல் வரைக்கும் கேக்கு. அந்தச் சோத்த எனக்கு ஒரு நாளாவது வச்சிருக்கியா?"

"கருவாட்டையும் புளியாணத்தையும் ஒங்களுக்கு எப்படி வைக்க?"

"ஏன், நான் யாரு?"

நான் குனிந்து அந்த அட்டைப் பெட்டியின் வாயை மூடினேன்.

"லீவுல வந்தவனுக்கு இந்த விருந்து சரி. இருக்க வந்தவனுக்குத் தாங்காது. வீட்டுல ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு சோறு, எனக்கு ஒரு சோறு. அங்கன போனா சட்டியில எனக்கும் ஒரு பங்காவது உண்டு. தாஜுகிட்ட வாரேன்னு சொல்லிரலாம்னு பாக்கேன்."

போகாதீங்க என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. நெஞ்சில் அதுதான் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"போறதுன்னா போங்க. யாரு ஒங்களக் கட்டி வச்சிருக்கா?"

என் வாய் அப்படி. எங்கே மூட வேண்டுமோ அங்கே திறக்கும். அவர் ஒரு தட்டில் பருப்புச் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். நான் நெய்ச்சோற்றைக் கிளறி மூடிவைத்தேன். பிறகு எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

சாயந்திரம் காலேஜ் விட்டு வந்த ஷம்ஸியாவைப் பிடித்துக்கொண்டேன். வாப்பாவிடம் என்னவெல்லாம் சொன்னாய் என்று கேட்டேன். அவள் பையைக்கூட இறக்கவில்லை.

"கேட்டாங்க, சொன்னேன். இன்னொன்னும் கேட்டாங்க. 'ஒங்க உம்மா எப்ப உக்காந்து சாப்பிடுவா? நான் பாத்ததே இல்லையே'ன்னு கேட்டாங்க. அதுக்கு எனக்குப் பதில் தெரியல உம்மா."

இருபத்தொரு வருஷத்துக் கல்யாண வாழ்க்கையில் ஒன்பது லீவு. அந்த ஒன்பதிலும் நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். மேஜைக்குப் பக்கத்தில், கையில் கரண்டியோடு. மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் அவர் நாள்தோறும் தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஷம்ஸியாவுக்குக் காலேஜ் இல்லை. ஒன்பது மணிக்குக் கறிக்கடைக் காக்கா போன் செய்தார். அண்ணனை நாங்கள் காக்கா என்போம், அக்காவை ராத்தா என்போம்.

"என்ன ராத்தா, பிரியாணிக்கு எவ்வளவு எடுத்து வைக்க?"

"இன்னைக்குக் கறி வேண்டாம் காக்கா."

"வீட்டுல எல்லாரும் சொகந்தானே?" என்று மெதுவாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை, வெளிநாட்டு ஆள் வந்திருக்கும் வீட்டில் கறி வேண்டாம் என்றால் மவுத்து விழுந்திருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம்.

பிளக் வெட்டிய குக்கரிலேயே மூன்று பேருக்கு அரிசி போட்டேன். வெட்டியாயிற்று, இனி என்ன? கத்தரிக்காய் போட்டுப் புளியாணம் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நாள்தோறும் வைக்கிற ஆணம்தான். அன்றைக்கு என்னவோ ஒவ்வொன்றுக்கும் கை யோசித்தது. மிளகாய்த்தூள் போட்டேனா, போடவில்லையா? பிரியாணிக்கு ஐம்பது பேர் வந்தாலும் அளவு பார்க்காமல் போடுகிறவள் நான். ஒரு புளியாணத்துக்குக் கரண்டியால் அளந்தேன். இதையும் அவர் ஒதுக்கிவிட்டால் என்னிடம் கொடுக்க வேறொன்றும் இல்லை. நான் தினமும் தின்பதே இதுதான். கருவாட்டை வறுக்கும்போது வாசலில் நிழல் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜும்ஆ முடிந்து வந்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே மேஜையைப் பார்த்தார். அதன் மேல் ஒன்றுமில்லை. அடுப்படிப் பக்கம் வந்தார். கீழே பாய் விரித்து, மூன்று தட்டு வைத்து, ஷம்ஸியா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். நடுவில் குக்கர்.

"உக்காருங்க," என்றேன். அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சோற்றில் ஆணத்தை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். கருவாட்டைக் கடித்தார். இன்னொரு வாய். நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரைஹானா."

"என்ன?"

"ஆணத்துல உப்பு கம்மி. கருவாட்டையும் தீய விட்டுட்டே."

ஷம்ஸியா வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் நான் எதை வைத்தாலும் அவர் வாயிலிருந்து வருவது 'ஜோரா இருக்கு' ஒன்றுதான். விருந்துக்கு வருகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நானும் போகிற வீட்டில் அப்படித்தான் சொல்கிறேன். உப்பு கம்மி என்பது வீட்டுக்காரன் சொல்கிற சொல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோபமும் கூடவே வந்தது.

"கம்மின்னா எந்திச்சுப் போயி எடுத்துப் போட்டுக்கோங்க. எனக்கு மட்டும் ரெண்டு காலு கூடவா இருக்கு?"

அவர் எழுந்து போனார். முதல் டப்பாவைத் திறந்தார், ரவை. அடுத்தது சீனி. மூன்றாவதில் கைவிட்டு முகர்ந்து பார்த்தார், சோம்பு. "வாப்பா, அந்தப் பக்கம்" என்று ஷம்ஸியா வாயெடுத்தாள். "நீ சும்மா இரு. தேடட்டும்" என்றேன். கடைசியில் உப்பைக் கண்டுபிடித்து ஒரு சிட்டிகை கொண்டுவந்து ஆணச் சட்டியில் போட்டுக் கலக்கி, ருசி பார்த்து, தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு, அங்கே ஜும்ஆ முடிந்து தாஜ் முகம்மதுவின் போன் வந்தபோதும் நாங்கள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கள் மூன்று பேர் கையும் எச்சில். ஷம்ஸியா இடது கையால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏலே நாசரு, என்ன முடிவு பண்ணுன? முதலாளி கேக்காருலே."

"நான் வரல லே. வேற ஆளப் பாத்துக்கோ."

"அங்கன ஒனக்கு என்னலே வேலை இருக்கு?"

"நெறையக் கெடக்கு. இங்கன ஆணத்துல உப்பு பாக்கவே ஒரு ஆளில்ல."

ஷார்ஜாவில் அந்த ரூமே சிரிப்பது கேட்டது. போயும் போயும் ஷார்ஜா வரைக்கும் என் மானத்தை வாங்கிவிட்டார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் தட்டில் சோறு தீர்ந்திருந்தது. நான் எழப் போவதற்குள் அவரே குக்கரைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, என்னைக் கேட்காமலே, என் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தார்.