வேலிக்கு வெளியே நின்ற ஜபார் முதலாளி

மாம்புரியில் ஜபார் முதலாளிக்கு அடுத்தவன் வேலி என்றால் கண்ணுக்கே தெரியாது. தன் இறால் பண்ணைக்குக் கடல் தண்ணீர் கொண்டுபோகும் பைப்பை, பக்கத்தில் அகதியாக வந்து குடியிருந்த சுல்பாவின் வெங்காயப் பாத்திக்குக் குறுக்கே இழுத்துப் போட்டார். ஒரு வாய்ச்சொல் கேட்கவில்லை. "அகதிக்கு என்ன காணி?" என்று சிரித்துவிட்டுப் போனார், பெரிய மனுஷன்!

பைப் கசிந்தது. வெங்காயம் கருகியது. குடிக்கிற கிணறும் உப்பாகிப் போனது. சுல்பா கொதித்துப்போய் வழக்கு வைத்தாள்.

"விசரா உனக்கு?" என்றான் புருஷன் பாறூக். "நம்மட காணி மன்னாரில. இதையும் பிடுங்கிட்டா எங்க போற?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. தொண்ணூறில், சண்டைக் காலத்தில், மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த நாளிலிருந்து, இது நம்முடையதில்லை என்று அவளும்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோட்டில் முதலாளியின் லோயர் அதையே பிடித்துக்கொண்டார். "சண்டை முடிஞ்சுதானே, இன்னும் ஏன் மன்னாருக்குப் போகல்ல? இந்தக் காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கா?"

"இல்ல சேர்." போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

நீதிபதி அம்மா இடம் பார்க்க வந்தார். கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி ஒரு வாய் குடித்து, முகம் சுளித்துத் துப்பினார்.

"கிணறு வெட்டினது யாரு?"

"நாங்கதான்."

"வேலி?"

"அதுவும் நாங்கதான் அம்மா. இண்டைக்கு வரைக்கும் எழும்பிப் போ எண்டு ஒருத்தரும் சொல்லல்ல."

தீர்ப்பு நாளில் நீதிபதி சொன்னார்: "காணி உறுதி வேறு விஷயம். அது ஜபாரிடமும் இல்லை. இருந்து, வெட்டி, விதைத்து ஆளுகிறவரின் இடத்தில் கேளாமல் நுழைந்து கெடுப்பது குற்றம். பைப்பைக் கழற்ற வேண்டும். சுல்பாவின் கிணற்றுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும்."

சுல்பாவின் கிணறு! யா அல்லாஹ், அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இருபது வருஷம் அவளே சொல்லத் துணியாததை அரசாங்கக் கதிரையில் இருந்து ஒருவர் சொல்கிறார். அதுவும் அந்த மனுஷன் கெடுத்த கேட்டினால்!

அடுத்த கிழமை முதலாளி ஆட்களோடு வந்தார். வழக்கம்போல உள்ளே நடப்பார் என்று பார்த்தால், வேலிக்கு வெளியே, படலையடியில் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, பைப்பக் கழட்ட வந்தம். உள்ளுக்கு வரலாமா?"

சுல்பா காதருகே கையை வைத்தாள். "கேக்கல்ல முதலாளி. இன்னொருக்காச் சொல்லுங்க."

"வரலாமா?" என்றார் அவர், கொஞ்சம் பலமாக.

அவள் வாய் திறக்குமுன் வீட்டுக்குள்ளிருந்து பாறூக்கின் சத்தம் வந்தது: "வரச்சொல்லு புள்ள. பாத்திய மிதிக்காம வரச்சொல்லு. நம்மட காணி!"