மூன்றாம் விதியில் இல்லாத தீவு

ஜேர்மனியின் ஹனோவரில், யாழ்ப்பாணத்துத் தீவுகளில் பிறந்தவர்களுக்கான எங்கள் தீவக ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதுவது நான்தான். இலக்கமிட்டு, திகதியிட்டு, பிரதி எடுத்து வைத்துத்தான் அனுப்புவேன். தேவமலரின் உறுப்புரிமை விண்ணப்பத்தை மூன்றாம் விதிப்படி மறுத்ததும் அப்படியொரு கடிதம்தான்.

மறுநாள் அவர் அந்தக் கடிதத்தோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"இராசலிங்கம் அண்ணை, காரைநகர் தீவில்லையோ?"

"கோவிக்காதேங்கோ. விதியிலை ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச செயலகங்கள்தான் இருக்கு. காரைநகருக்குத் தனிச் செயலகம்."

"செயலகத்தைக் கேட்டோ கடல் சுத்தி நிக்குது? சனிக்கிழமை வடமராட்சிச் சங்கத்தோடை கயிறிழுப்பிலை கடைசி ஆள் நான். உறுப்பினர் இல்லாட்டி இறங்க ஏலாதாம். என்னை விட்டால் ஆர் பிடிக்கிறது?"

அந்த விதியை எழுதியவனும் நான்தான். அரசாங்கப் பட்டியலில் 'தீவகம் வடக்கு', 'தீவகம் தெற்கு' என்று கண்டதும் தீவெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டதென்று நம்பி, நெடுந்தீவையும் சேர்த்து அப்படியே பிரதி பண்ணினேன். இப்போது வரைபடத்தை விரித்தேன். காரைநகரைச் சுற்றி நீலம்தான்.

"பழைய பேர் ஒண்டு இருக்கு. சப்த தீவு, ஏழு தீவெண்டு. அதிலை நீங்கள் வருவியள்" என்று பேனாவை எடுத்தேன்.

"எண்ணிப் போட்டு எழுதுங்கோ."

வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகரின் பழைய பெயரான காரைதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. ஏழும் முடிந்தது. பேனா அப்படியே நின்றது. நான் பிறந்தது மண்டைதீவு.

தேவமலர் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ அண்ணை, உங்களை நீங்களே வெளியிலை போட்டிட்டியளே!"

மண்டைதீவு வேலணைச் செயலகத்துக்குள் வருவதால் அரசாங்கப் பெயருக்குள் நான் இருக்கிறேன், அவர் இல்லை. பழைய எண்ணிக்கையில் அவர் இருக்கிறார், நான் இல்லை. கடலோ இரண்டு பேரையும் சுற்றி நிற்கிறது. இத்தனை வருடம் இதைப் பார்க்காமல் எப்படி இருந்தேன்?

'யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் புறத்தில் கடல் சூழ்ந்த நிலம் எதிலும் பிறந்தோர்' என்று எழுதி, தலைவர் தம்பித்துரைக்குத் தொலைபேசியில் வாசித்தேன்.

"என்ன ஐசே, பேரில்லாமல் ஒரு விதியோ?"

"இருக்கிற பேர் ஒண்டுக்குள்ளையும் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து நிக்க ஏலாது, அண்ணை."

இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "சரி, போடும். வடமராட்சியாரை ஆரும் இழுத்தால் சரி. மற்றக் குழுக்காரரிட்டை நான் கதைக்கிறன்."

சனிக்கிழமை, தேவமலர் கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதிகாலைப் புல்லில் ஊன்றினார். விசில் ஊதுமுன் திரும்பி என்னைத் தேடினார்.

"மண்டைதீவு! சும்மா நிக்காமல் கத்துங்கோ!"

கத்தினேன்.