ஒரே வீட்டு ரத்தம்

ஆய்வுக்கூடத்தின் காத்திருப்பு அறையில் மத்தியான வெயில் ஜன்னல் வழியே இறங்கித் தரையில் தேங்கியிருந்தது. திரைச்சீலை தைப்பவளுக்கு அரைத்தூக்கம். நாற்காலியோடு சேர்ந்து மிதப்பதுபோல் இருந்தது. ஓர் இடம் விட்டு உட்கார்ந்திருந்தான் அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக்.

சாயங்கால ரயிலில் அவளும் நான்கு வயது வாண்டும் அக்காவின் ஊருக்கே ஒரேயடியாகக் குடிபோகிறார்கள். அவனிடம் சொல்லியாகிவிட்டது. "ம்" என்றான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் மனுஷனுக்கு! போன மழைக்காலத்தில் ஒரு சண்டையில், "வெளிய போங்க" என்று கத்தினாள். மகராசன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தான் வேலை பார்க்கும் பட்டறை மாடியில் குடியேறிவிட்டான். 'போகாதே' என்று இப்போதாவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். நோய் இல்லாதவர்களின் ரத்தத்தை ஆராய்கிறவர். வாண்டின் பள்ளியில் ஆய்வுக்கு ரத்தம் கேட்டபோது இருவரும் தனித்தனியாக வந்து கொடுத்திருந்தார்கள்.

"ஒரே ஆளோட ரத்தத்தையே ரெண்டு தடவை பார்த்துட்டோமோன்னு சந்தேகம். அதான் போன வாரம் மறுபடி எடுத்தோம். தப்பு இல்ல. உங்க ரெண்டு பேர் எதிர்ப்பு சக்தியும் அவ்வளவு நெருக்கமா இருக்கு."

"எல்லாருக்கும் ஒண்ணுதானே டாக்டர்?" என்றாள் அவள்.

"எங்கேம்மா! நல்லா இருக்கிற பத்து பேரை எடுத்தா பத்தும் பத்து விதம். பிறப்புல வர்றது கொஞ்சம்தான். வயசு, இதுவரைக்கும் வந்துபோன கிருமி, கூட வாழறவங்க, எல்லாம் சேர்ந்துதான் மாத்துது. சேர்ந்து குழந்தை வளர்க்கிறவங்களுக்கு ரொம்பவே ஒத்துப்போகும்."

அவள் கண்கள் செருகின. வாண்டு பள்ளியிலிருந்து கொண்டுவந்த சளியெல்லாம் கண்முன் வந்தது. மூன்று பேரும் ஒரே போர்வைக்குள் மாறி மாறித் தும்மிய ராத்திரிகள். அவளைக் கேட்காமலே உடம்பு அத்தனையையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. கோபம் வந்தது. கூடவே ஒரு சுகமும்.

"ஆனா நீங்க ரெண்டு விலாசம் சொல்லியிருக்கீங்களே? நிஜமாவே தனித்தனி வீடா?"

ஆமாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"வீடு ஒண்ணுதான் டாக்டர். நான்தான் வெளிய நிக்கிறேன். இவ இன்னும் உள்ள கூப்பிடல."

அவள் தூக்கம் சட்டென்று கலைந்தது. இத்தனை மாசமாக இவன் கோபித்துக்கொண்டு போகவில்லை. அவள் கூப்பிடுவாள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"கதவைத் தட்டுறதுக்கென்ன?" என்றாள்.

"நீ திறக்கலேன்னா?"

டாக்டரம்மா இருப்பதையும் மறந்து அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"மரமண்டை! போன்னா போயிடறதா?"