கடைசியாக மாற்றியவர்

மூட்டைக்குக் கழுத்து திரும்பவில்லை. திரையைப் பார்த்துப் பார்த்துப் பிடரி கட்டையாகிவிட்டது. இதே மணல், சிமெண்ட் யார்டில் பத்து வருடம் மூட்டை சுமந்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. தபால் வழியில் படித்துக் கம்ப்யூட்டர் அறைக்கு ஏறிவிட்டான். மூட்டை என்ற பட்டப்பெயர் மட்டும் முதுகைவிட்டு இறங்கவில்லை.

எடைமேடையில் பதிவாகும் மணல் லோடுகள் கணினிக்குள் இளைத்துக்கொண்டே வந்தன. ‘கடைசியாக மாற்றியவர்’ என்ற கட்டத்தில், எடைமேடையில் பதிவு போடும் எடை அக்காவின் பெயர். போன வாரம் லாரிக்காரர்கள் எல்லோரும் நிற்க, அவன்தான் அதைப் படித்துக் காட்டினான்.

“பேரு என்னோடதுதான். கை என்னோடது இல்ல” என்று சொல்லிவிட்டு அக்கா பையை எடுத்துக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை அவள் சம்பளக் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொன்னார்.

ஆனால் அவள் வீட்டில் இருந்த நாளிலும் ஒரு பழைய லோடு இளைத்தது. அதுவும் அவள் பெயரிலேயே.

அன்றே மூட்டை எடை அட்டவணையில் ஒரு ட்ரிக்கர் வைத்தான். இனி எந்தப் பதிவில் யார் கை வைத்தாலும் பழைய எடை, புதிய எடை, நேரம், உள்ளே நுழைந்த கணக்கு எல்லாம் தனி அட்டவணையில் தானாக விழும்.

“என்ன மூட்டை, எலிப்பொறியா?” என்றார் மேனேஜர்.

“ஆமா சார். எலியப் பாக்காமலே ஆள அடிச்சிட்டோம்.”

வியாழன் மதியம் சரியாகப் பன்னிரண்டுக்கு ஒரு வரி விழுந்தது. 18,460 கிலோ 18,090 ஆகியிருந்தது. மாற்றிய கணக்கு: ஈரக்கழிவு.

அது ஆளில்லை. ஈர மணலுக்குக் கழிவு போட, போன வருடம் அவனே எழுதிய நிரல். ஒரு முறை கழிக்க வேண்டியதை, அன்றே பில் போடாத லோடில் மறுநாளும் கழித்திருக்கிறது. எடையை மாற்றியதே தவிர, பெயர்க் கட்டத்தைத் தொடவில்லை. முன்பு பதிந்த அக்கா பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அந்த வரியை அழிக்க அவனுக்கு ஒரு நொடி போதும். அச்செடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்தான்.

“உன்னோடதா? சத்தம் போடாம சரி பண்ணிடு. அவங்கள திங்கக்கிழமை வரச் சொல்லிக்கலாம்.”

“அவங்களச் சொன்னப்ப சத்தமாத்தானே சார் சொன்னேன்?”

நிரலை நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “போன்ல வேணாம்பா. லாரி நிக்கறப்ப வரேன்” என்று வைத்துவிட்டாள்.

அத்தனை பேர் முன்னால் அவளிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு அவனுக்கு இன்னும் பாக்கி.