திறந்தது திறந்தாச்சு

என் புருஷனுக்கு ஒரு வியாதி. இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை ஒட்டிய எங்கள் ஷ்ராப்ஷயர் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற ஆம்பளைகள் எல்லோருக்கும் அது கொஞ்சம் உண்டு. டெஸ்மண்டுக்கு முற்றிப்போய்விட்டது. ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றப் போவான். கழற்றியதும், "திறந்தது திறந்தாச்சு, அப்படியே இதையும் பாத்துடலாம்" என்பான். அதோடு அந்த மாதம் போயிற்று.

போன அக்டோபரில் கிளட்ச் பக்கத்தில் எண்ணெய் சொட்டியது. ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாற்றினால் தீர்கிற விஷயம், ஒரு சனிக்கிழமை மதிய வேலை. கை எட்டவில்லை என்று எஞ்சினை வெளியே தூக்கினான். தூக்கிய பிறகு, அது இருந்த குழி அழுக்காக இருக்கிறதே என்று சுரண்டினான். சுரண்டியதில் துரு தெரிந்தது. துருவைத் துரத்திக்கொண்டு கதவு வரைக்கும் போனான். கிறிஸ்துமஸ் வந்தபோது பாதி கார் கேரேஜிலும் பாதி எங்கள் சாப்பாட்டு அறையிலும் இருந்தது. கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வறுத்த வான்கோழியை வெட்டினோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் மற்றவர்கள் ஓடுவார்கள். டெஸ் அதை உட்காரவைத்து, "வந்தது வந்துட்ட, பல்லைக் காட்டு, அதையும் சுத்தம் பண்ணிடலாம்" என்பவன்.

கார் பச்சை நிறம். இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை. எங்கள் கல்யாணத்தைவிட வயது கூடியது. உட்கார்ந்தால் கையை நீட்டிச் சாலையோரப் புல்லைத் தொடலாம், அவ்வளவு தாழ்வு. அதே மாதிரி கார், சிவப்பில், பக்கத்து வீட்டு மால்கமிடமும் இருக்கிறது. அவர் அதை ஓட்டுவதைவிடத் துடைப்பது அதிகம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் கேரேஜ் வாசலில் வந்து நிற்பார்.

"என்னப்பா டெஸ், காரா இது, இல்ல துண்டு துண்டா சேக்கற புதிர் விளையாட்டா? ஒரு துண்டு காணாமப் போனா என்கிட்ட சொல்லு, என் பேரன்கிட்ட நிறைய இருக்கு."

"உன் கார்ல எண்ணெய் சொட்டவே மாட்டேங்குதே மால்கம்," என்பான் டெஸ், தலையை நிமிர்த்தாமல். "உள்ள எண்ணெய் இருக்கானு பாத்தியா?"

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். நாற்பது வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு வருஷமா பெரிது? ஆனால் என் கண் பொறுக்கவில்லை.

இடது கண்ணின் நடுப்பகுதி முன்பே போய்விட்டது. எதைப் பார்க்கிறேனோ அந்த இடத்தில் ஒரு புகைத் திட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். சுற்றிலும் எல்லாம் தெரியும். ஜனவரியில் டாக்டர் அம்மா வலது கண்ணையும் பார்த்துவிட்டு, அதுவும் அதே வழியில்தான் போகிறது என்றார். "எப்பன்னு சொல்ல முடியாது, மிஸஸ் பிரீஸ். தெளிவா பாக்கணும்னு ஏதாவது ஆசையிருந்தா தள்ளிப் போடாதீங்க."

ஆசை இருந்தது. கடல் பார்க்க வேண்டும். வேல்ஸ் மலைகளைத் தாண்டிப் போனால், ஃபேர்போர்ன் ஊருக்கு அப்பால் சாலை ஒரு குன்றின் விலாவில் ஏறும். அங்கே திடீரென்று கடல் காலடியில் கிடக்கும். கூரையை மடக்கிவிட்டு, அந்தத் தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தபடி அதைப் பார்க்க வேண்டும். எங்களிடம் வெயில் மழைக்கு அசராத ஒரு சாதாரணக் காரும் இருக்கிறது. அதில் போகலாமே என்று டெஸ் கேட்டான்.

"அதுல போனா கண்ணாடி வழியாத்தான் பாக்கணும். அதுக்கு டிவியிலயே பாத்துக்குவேன்," என்றேன்.

"ஈஸ்டருக்குள்ள முடிச்சிடறேன், ஹில்," என்றான். ஹிலரி என்று அவன் என்னை முழுசாகக் கூப்பிட்டால் சண்டை என்று அர்த்தம். ஈஸ்டர் போயிற்று. மே மாதக் கடைசி விடுமுறைக்குள் என்றான். அதுவும் போயிற்று.

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் குறைசொல்ல மாட்டேன். மத்தியானம் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு, பானெட் இல்லாத அந்தக் காருக்குள் ஏறிக் கேரேஜிலேயே உட்கார்ந்துகொள்வோம். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வான். நான் கண்ணை மூடிக்கொள்வேன். "இப்போ ஊர் எல்லை தாண்டிட்டோம்," என்பான். "வலது பக்கம் ஆடுங்க. ஒண்ணு ரோட்டுக்கு வந்து நம்மள முறைக்குது." கதவிடுக்கில் வரும் காற்று என் முகத்தில் படும். பெட்ரோல் வாசனையும் அவன் சட்டையின் சோப்பு வாசனையும் சேர்ந்து வரும். அவன் வாயாலேயே கியர் மாற்றுவான். மலை ஏறும்போது முனகுவான், இறங்கும்போது மூச்சுவிடுவான். நிஜமாகவே என் உடம்பு ஒவ்வொரு வளைவிலும் சாயும். எத்தனையோ தடவை அந்தக் கேரேஜிலிருந்து வேல்ஸ் எல்லை வரைக்கும் போயிருக்கிறோம். கடலுக்கு மட்டும் அவன் என்னைக் கூட்டிப் போனதே இல்லை. அதற்கு முன்னாலேயே டீ ஆறிவிட்டது என்று நிறுத்திவிடுவான்.

மே மாத நடுவில் ஒரு காலை, வேலி மேல் எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த மால்கமுக்கு மூக்கைக் காணவில்லை. காதும் தொப்பியும் இருந்தன, நடுவில் புகை. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், அப்போதும் அப்படியே. வலது கண்ணும் போய்விட்டது என்று அங்கேயே புரிந்தது. வீட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். டெஸ்ஸிடம் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துபோவான். உடைந்தவன் எந்தக் காரை முடிப்பான்?

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. டேஷ்போர்டு வேலை முடிந்தது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தான். இனி கிளட்ச் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுத்தால் போதும், கார் ஓடும். நான் டீ எடுத்துக்கொண்டு கேரேஜுக்குப் போய், ஆசையாக டேஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தேன். பலகை இல்லை. ஒரு கொத்து வயர்தான் கையில் வந்தது.

"என்னடா இது?"

"ஒரு பல்பு கொஞ்சம் மங்கலா எரிஞ்சுது," என்றான் டெஸ், மூலையிலிருந்து. "அதான் திறந்தேன். திறந்தது திறந்தாச்சுனு..."

"முன்கண்ணாடி எங்க?"

"ரப்பர் பழசாயிருந்துச்சு. கழட்டி வச்சிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் டீக்கோப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "டெஸ்மண்ட் பிரீஸ்! நேத்து முடிஞ்ச காரை இன்னிக்கு யாராவது பிரிப்பாங்களா? இப்பவே அடியில போ. காத்து எடுக்கறோம். கண்ணாடியும் வேணாம், பல்பும் வேணாம். போடா அடியில!"

காருக்கு அடியில் சரிந்து போனான். நான் டிரைவர் இருக்கையில் ஏறிக் கிளட்ச் மேல் காலை வைத்தேன். இது எங்களுக்குப் பழகின வேலை. ஒருத்தர் மேலே மிதிக்க, ஒருத்தர் கீழே படுத்துக் குழாயின் திருகைத் திறந்து, எண்ணெயோடு காற்றுக் குமிழியை ஜாம் பாட்டிலுக்குள் விட வேண்டும். திருகை மூடும் முன்னால் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால், காற்று திரும்ப உள்ளே போய்விடும். அத்தனை பாடும் வீண்.

"மிதி," என்றான்.

மிதித்தேன்.

"புடி... விடு. மிதி. புடி... விடு."

அப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. மறுபடி மிதி என்றான், புடி என்றான். விடு என்று சொல்லவில்லை. கீழே சத்தமே இல்லை.

"டெஸ்? விடவா?"

"விடாத. புடி." பிறகு, ரொம்ப மெதுவாக, "எனக்குப் பயமா இருக்கு, ஹில்," என்றான்.

எங்கள் பக்கத்து ஆம்பளைகள் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காருக்கு அடியில் படுத்தால்தான் அவர்களுக்கு வாய் திறக்கும். நான் மிதித்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"பல்பெல்லாம் நல்லாத்தான் எரிஞ்சுது," என்றது அந்தக் குரல். "கார் ரெடியாயிட்டா நீ கடலைப் பாத்துடுவ. பாத்துட்டா, அதுக்கப்புறம் என்ன மிச்சம்? உன் கண்ணு போகறதுக்குத்தான் காத்திருக்கணும். வேலை பாக்கி இருக்கற வரைக்கும் உன் கண்ணும் காத்திருக்கும்னு... ஏதோ ஒரு கிறுக்கு. பைத்தியக்காரத்தனம்தான், எனக்கே தெரியுது. ஆனா ஸ்பானரை எடுத்தா கை கழட்டத்தான் போகுது. மாட்ட வர மாட்டேங்குது."

காலை எடுத்துவிட்டு, இறங்கிப் போய் அந்த முட்டாளைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். கண் காத்திருக்கவில்லையடா, போய் ஒரு மாதமாகிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அழுது முடிச்சுட்டியா?" என்றேன்.

"நான் எங்க அழுதேன்?"

"அப்போ திருகை மூடு. கால் மரத்துப் போச்சு."

கீழே ஸ்பானர் திரும்பும் சத்தம் கேட்டது. "விடு," என்றான்.

மத்தியானம் தாண்டி இரண்டு வயர்களை முறுக்கிச் சேர்த்தான். எஞ்சின் ஒரு தடவை இருமிற்று, இரண்டு தடவை தும்மிற்று, பிறகு உறுமத் தொடங்கியது. சாப்பாட்டு அறை வரைக்கும் அதிர்ந்திருக்கும். எனக்குப் புல்லரித்துவிட்டது. பானெட் இல்லை, முன்கண்ணாடி இல்லை, கதவுகள் பெயிண்ட் காணாமல் சாம்பல் நிறத்தில் இருந்தன. நீச்சல் குளத்துக்குப் போட்டுக்கொள்கிற கண்ணாடிகளைத் தேடியெடுத்து ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டோம். மால்கம் சிவப்புக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"கல்யாணத்துக்கா போறீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினார்.

"ஆமா, உன்னைக் கூப்பிடல!" என்று நான் கத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விழித்துக்கொண்டே கண்ட கனவு மாதிரிதான் இருக்கிறது. ஜூன் மாத மாலை எங்கள் பக்கம் லேசில் முடியாது, வெளிச்சம் போக மனசே இல்லாமல் மலைமேல் கிடக்கும். இரண்டு பக்கமும் வேலிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து ஓடின. எஞ்சின் திறந்து கிடந்ததால் அதன் சூடு எங்கள் மடிமேல் வந்து படுத்தது. வெட்டிக் காயப்போட்ட புல் வாசனை, பிறகு ஆற்று வாசனை, பிறகு ஈரப் பாசி வாசனை. நான் எதையும் நேராகப் பார்க்க முயலவில்லை. ஊர்ப் பலகைகள் புகையாக வந்து புகையாகப் போயின. பார்க்காத பக்கமெல்லாம் ஊதாப் பூக்கள் தலையாட்டின. எதிரே ஒரு பழைய திறந்த கார் வந்தது. இந்த மாதிரிக் கார்க்காரர்கள் சாலையில் எதிர்ப்பட்டால் கையைத் தூக்காமல் போக மாட்டார்கள். அந்த ஆளும் பாதி தூக்கினான். எங்கள் கோலத்தைப் பார்த்ததும் மீதியைத் தூக்க மறந்துவிட்டான்.

"எவ்வளவு வேகத்துல போறோம்?" என்று காற்றில் கத்தினேன்.

"மீட்டர் சாப்பாட்டு மேஜை மேல இருக்கு. ஆடுங்களைக் கேளு!"

கேரேஜில் அவன் எப்போதும் நிறுத்துகிற இடம் வந்தது, போயிற்று. வாயால் முனகாமல் நிஜமாகவே கியர் மாற்றினான். கிளட்ச் வெண்ணெய் போல இறங்கியது. ஃபேர்போர்ன் தாண்டித் தெற்கே திரும்பிச் சாலை குன்றில் ஏறத் தொடங்கியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. கடல் வலது பக்கம், அவனுக்கு அந்தப் புறம்.

வண்டியை ஓரமாக நிறுத்தினான். எஞ்சின் அணைந்ததும், கீழே அலைகள் வந்து வந்து போகிற சத்தம் மட்டும் இருந்தது. நான் அவன் பக்கம் திரும்பி அவன் மூஞ்சியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"கடலைப் பாரு ஹில். இத்தனை பாடு பட்டு வந்து, என் மூஞ்சியை எதுக்குப் பாக்கற?"

"கடலைத்தான் பாக்கறேன்."

"என்னைத்தான பாத்துட்டிருக்க?"

"உன் மூஞ்சிக்கு நேரா பாத்தாத்தான்டா எனக்குக் கடல் தெரியுது. உன் மூஞ்சி இருக்கற இடத்துல புகை. அதைச் சுத்தி முழுக் கடல். தண்ணி மேல வெயில் ஓடறது வரைக்கும் தெரியுது."

அவன் என் பக்கம் முழுசாகத் திரும்பினான். பிறகு கேட்டான். "வலது கண்ணுமா?"

"மே மாசமே."

"அப்போ நான் கீழ படுத்துக்கிட்டு அதையெல்லாம் சொன்னப்போ..."

"போயிருந்துச்சு."

"நான் லேட் பண்ணிட்டேன்," என்றான்.

"பண்ணிட்ட." பொய் சொல்ல எனக்கு வரவில்லை. வலித்தது, இப்போதும் வலிக்கிறது. "ஆனா பாத்துட்டேன். இதோ பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அலைச் சத்தத்துக்கு நடுவே கேட்டான், "என்னைப் பாக்கணும்னா எங்க பாக்கணும்?"

நான் கொஞ்சம் திரும்பி, அவனுக்கு முன்னால் விரிந்து கிடந்த கடலை நேராகப் பார்த்தேன். கடல் புகையாயிற்று. ஓரத்தில் அவன் வந்தான். நரைமுடி காற்றில் பறந்தது, காதோரம் கரி, அந்தக் கோமாளிக் கண்ணாடி.

"தெரியறேனா?"

"நல்லா தெரியற," என்றேன். "கண்ணாடியைக் கழட்டு டெஸ். உள்ள தண்ணி நிக்குது."